இலாபம் தராத கேள்வியை யார் கேட்பது?

பல்கலைக்கழகம் என்றால் பட்டம் வழங்கும் இடம், அறிவியல் என்றால் ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கும் வேலை, மக்களாட்சி என்றால் தேர்தல் நாளில் வாக்களித்துவிட்டு வருவது என்று இம்மூன்றையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாகக் கருதுவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் வடசிலாங்கூரின் தோட்டப்புற வரலாற்றை ஊன்றிப் படிப்பவருக்கு, இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டும் நிலைகுலையும் என்பது விளங்கும். மூச்சுவிடும் காற்றில் மாசு எவ்வளவு, மரத்தடியில் தெளிக்கும் களைக்கொல்லி தெளிப்பவரின் உடலை என்ன செய்கிறது, ஊரில் பரவும் காய்ச்சலுக்கு உண்மையான காரணம் எது என்பன போன்ற கேள்விகள் அறிவியலுக்கு உரியவை. எனினும் அவற்றுக்கான விடைகள் மக்களை வந்தடைந்தனவா இல்லையா என்பதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் ஆய்வுக்கருவிகளின் திறனைவிட, விடை அறிந்தவர் வாய்திறக்க முடிந்ததா என்ற அரசியல் நிலைமைகளே.

இதை ஆராய்வதற்குக் கோலசிலாங்கூரும் அதனை அடுத்த உலுசிலாங்கூரும் பொருத்தமான களங்கள். கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான், பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியுள்ள அதே ஊரில் இன்று, 1999இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 2005இல் புகைமூட்டத்தின் காரணமாக அவசரநிலை அறிவிக்கப்பட்ட இரண்டு இடங்களுள் ஒன்று கோலசிலாங்கூர். மாணவர்களின் பேச்சுரிமை குறித்து மலேசிய நீதிமன்றம் வழங்கிய மிக முக்கியமான தீர்ப்புக்கு வித்திட்டது 2010ஆம் ஆண்டு உலுசிலாங்கூர் இடைத்தேர்தல்.

அறிவியல் இயங்கும் முறை

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன், 1942இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அறிவியல் செழிப்பதற்கு வேண்டிய ஒழுகலாறுகள் நான்கினை வகுத்துக் கூறினார். ஒரு கூற்றைச் சொல்பவரின் இனத்தையோ நாட்டையோ பதவியையோ பாராமல் சான்றை மட்டுமே வைத்து அதை எடைபோடுவது முதலாவது. கண்டறிந்ததை ஒளித்துவைக்காமல் பொதுச்சொத்தாக வெளியிடுவது இரண்டாவது. சொந்த நலனுக்காக முடிவுகளை வளைக்காமலிருப்பது மூன்றாவது. எவர் சொன்னாலும் ஐயுற்றுச் சோதிப்பதை ஒரு நிலையான ஏற்பாடாகவே வைத்திருப்பது நான்காவது. 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் யூதப் பேராசிரியர்களை ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றி, உலகின் தலைசிறந்த இயற்பியல் துறைகளைச் சில ஆண்டுகளிலேயே சீர்குலைத்த பின்னணியில் எழுதப்பட்ட அக்கட்டுரை, இந்நான்கும் மக்களாட்சிச் சமூகத்தின் இயல்புகளோடு ஒத்துப்போவதைச் சுட்டிக்காட்டியது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கமில்லாத சமூகத்தில், மூத்த பேராசிரியரையோ அமைச்சகத்தின் அறிக்கையையோ கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் தனியாக வளர்ந்துவிடுவதில்லை.

இந்த ஒழுகலாறுகளுக்குப் பல்கலைக்கழகத்துக்குள் அமையும் பாதுகாப்பே கல்விச் சுதந்திரம் எனப்படுகிறது. எதை ஆராய்வது, எப்படிக் கற்பிப்பது, முடிவுகளை எங்கே வெளியிடுவது என்பவற்றை ஆசிரியர்கள் தங்கள் துறை அறிவின் அடிப்படையில் தீர்மானிக்கும் உரிமையும், பொது விவகாரங்களில் குடிமக்களாகக் கருத்துரைக்கும் உரிமையும், வெளித்தலையீடின்றித் தன்னைத் தானே நிருவகிக்கும் நிறுவனத் தன்னாட்சியும் இதில் அடங்கும். உயர்கல்வி ஆசிரியர்களின் தகுநிலை பற்றிய பரிந்துரையை யுனெஸ்கோ 1997 நவம்பரில் ஏற்று, இவ்வுரிமைகளைப் பன்னாட்டு அளவில் வரையறுத்தது. நினைத்ததையெல்லாம் பேசுவதற்கான சலுகை என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதுவதைச் சக ஆராய்ச்சியாளர்கள் சல்லடையிட்டுச் சலிக்கின்றனர். சான்றில்லாத கூற்று அங்கேயே நிராகரிக்கப்படுகிறது. கல்விச் சுதந்திரம் கேட்பதெல்லாம், அந்தச் சலிப்பைத் துறை அறிந்தவர்கள் செய்யட்டும், அமைச்சரோ முதலாளியோ காவல்துறையோ செய்ய வேண்டாம் என்பதுதான்.

தோட்டத்தில் எழுந்த கேள்விகளும் எழாத கேள்விகளும்

மக்களாட்சி இல்லாத இடத்திலும் அறிவியல் வளர்ந்திருக்கிறதே என்ற மறுப்பை முதலில் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமையோ சங்கம் அமைக்கும் உரிமையோ இல்லாத காலனிய மலாயாவில்தான் மலேரியா ஒழிப்பில் உலகுக்கே வழிகாட்டிய ஆய்வுகள் நடந்தன. 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கடலோரத் தாழ்நிலங்களில் காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் மலேரியா குறைகிறது என்பதைக் கண்டார். அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் கையாண்டபோது நோய் கூடியது. தாழ்நிலத்து நோய்க்கொசு காட்டின் நிழல் படிந்த தேங்குநீரை நாடுவது, மலைநிலத்து நோய்க்கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடைகளில் பெருகுவது என்பதால், காட்டை வெட்டியதே இரண்டாவது கொசுவுக்கு வாழ்விடம் அமைத்துக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு கொசு இனத்துக்கும் ஏற்ப நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கும் முறை இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களை அது காத்தது.

செம்பனை வரலாறும் இதே போன்ற ஒரு சாதனையைக் காட்டுகிறது. செம்பனைப் பூவில் மகரந்தத்தைச் சேர்ப்பது காற்று என்பதே நெடுங்காலம் நிலவிய கொள்கை. மலேசியத் தோட்டங்களில் காய்ப்பு போதவில்லை என்பதால், தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளைக் கையால் தூவ வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் கேமரூனில் எவரும் தூவாமலே குலைகள் நிறைந்து காய்ப்பதைக் கண்டிருந்த யூனிலீவர் தோட்ட நிருவாகி லெஸ்லி டேவிட்சன் அக்கொள்கையை ஐயுற்றார். பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, மகரந்தத்தைச் சுமப்பது ஒரு சிறு கூன்வண்டு என்று நிறுவினார். தகுந்த சோதனைகளுக்குப் பிறகு 1981இல் அவ்வண்டுகள் ஜொகூரின் குளுவாங் அருகிலுள்ள தோட்டத்தில் விடப்பட்டன. கையால் தூவும் வேலை தேவையற்றதாகி, விளைச்சலும் உயர்ந்தது.

இவ்விரு வெற்றிகளுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. தொழிலாளர் நோயில் விழுந்தால் தோட்டத்தின் வேலை நின்றுபோகும்; மகரந்தம் சேராவிட்டால் எண்ணெய் குறையும். ஆகவே விடை கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதில் அதிகாரமும் பணமும் உடையவர்களுக்கே அக்கறை இருந்தது. இலாபத்தைப் பெருக்கும் கேள்வியைக் கேட்க எந்த ஆட்சியிலும் ஆளுண்டு. இலாபத்தைக் குறைக்கும் கேள்வி, அதிகாரத்தைச் சங்கடப்படுத்தும் கேள்வி ஆகியவற்றை எழுப்புவதற்குத்தான் பாதுகாப்புத் தேவைப்படுகிறது.

களைக்கொல்லியின் வரலாறு இதைத் தெளிவாக்கும். செம்பனை, ரப்பர்த் தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தனர். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினர். அவர்கள் கையாண்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி, சிறிதளவு விழுங்கினாலே நுரையீரலைச் சிதைத்து உயிரைப் பறிக்கக்கூடியது; அதற்கு முறிமருந்து கிடையாது. சுவிட்சர்லாந்து 1989லேயே அதைத் தடைசெய்துவிட்டது. மலேசியத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் மூக்கில் இரத்தம் வடிவது, நகங்கள் உதிர்வது, தோல் புண்ணாவது போன்ற பாதிப்புகளை முறையாகப் பதிவுசெய்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டவர்கள், ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா என்ற அரசுசாரா அமைப்பினரும் அவர்களுடன் சேர்ந்து பணியாற்றிய பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தினரும் ஆவர். அதே ஆண்டு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கப்போவதாக அரசு அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது.

வண்டு பற்றிய கேள்வி எழுந்து சில ஆண்டுகளுக்குள் விடை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மருந்தடிக்கும் பெண்ணின் உடல்நலம் பற்றிய கேள்விக்குச் செயல்வடிவ விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இவ்வேறுபாட்டுக்கு அறிவியலின் கடினத்தன்மை காரணமாகாது, ஏனெனில் பாராகுவாட்டின் நச்சுத்தன்மை மருத்துவ உலகம் நன்கறிந்ததே. பாதிக்கப்பட்டவர்களின் குரல் அறிவை உண்டாக்கும் நிறுவனங்களை எட்டவில்லை என்பதே காரணம். குரல் கொடுத்த ஐரின் பெர்னாண்டஸ், குடியேறிய தொழிலாளர்களின் தடுப்பு முகாம்கள் பற்றி வெளியிட்ட வேறோர் அறிக்கைக்காக 1996இல் பொய்ச்செய்தி பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2003இல் தண்டனை விதிக்கப்பட்டு, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். களத்துக்குச் சென்று கணக்கெடுப்பவருக்கு இத்தகைய நெருக்கடி காத்திருக்கிறது என்றால், எத்தனை ஆய்வாளர்கள் களத்துக்குச் செல்லத் துணிவார்கள்?

மறைக்கப்பட்ட எண்

வடசிலாங்கூரின் புவியியலே புகைமூட்டத்தைப் புரிந்துகொள்ள உதவும். ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகளை உள்ளடக்கிய வடசிலாங்கூர்ச் சதுப்புக்காடு கரிமண் நிலமாகும். நீரில் ஊறி முழுமையாக மட்காத இலைதழைகளும் வேர்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவாவதே கரிமண். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது காய்ந்து எரிபொருளாக மாறும். தீப்பிடித்தால் நிலத்தடியிலேயே கனன்று, வாரக்கணக்கில் புகையைக் கக்கும். மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள சுமத்ராவில் இத்தகைய நிலம் பரந்து கிடக்கிறது. அங்கே செம்பனைக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் நிலத்தைத் தீயிட்டுத் திருத்தும்போது, தென்மேற்குப் பருவக்காற்று அப்புகையைச் சிலாங்கூர்க் கடற்கரைக்குக் கொண்டுவருகிறது.

காற்றின் மாசை அளவிட்டு ஒரே எண்ணாகச் சொல்வதே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. 50 வரை நல்ல காற்று, 100ஐத் தாண்டினால் உடல்நலத்துக்கு ஒவ்வாதது, 300ஐத் தாண்டினால் பேராபத்து என்பது அதன் படிநிலை. 500ஐக் கடந்தால் அவசரநிலை அறிவிக்கலாம். 1997இல் தென்கிழக்காசியாவையே மூடிய புகைமூட்டத்தின்போது சரவாக்கில் அக்குறியீடு 800ஐயும் தாண்டியது. அவ்வாண்டு நவம்பரில், நாட்டின் நற்பெயருக்குக் களங்கம் விளையும் என்று கூறி, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகைமூட்டம் பற்றிப் பொதுவில் கருத்துரைக்கக் கூடாது என்று அரசு பணித்தது. கல்விச் சுதந்திரம் குறித்த பரிந்துரையை யுனெஸ்கோ ஏற்ற மாதமும் அதுவே. அதன்பின் குறியீட்டு எண்களும் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படாமல் அதிகாரத்துவ ரகசியமாகின. சுற்றுலாத்துறை பாதிக்கப்படும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அளவிடும் கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் படித்து விளக்கக்கூடிய அறிஞர்களும் நாட்டில் இருந்தனர். அறிவியல் தன் பணியை முடித்திருந்தது. ஆனால் அதன் விளைவை அறிந்துகொள்ள வேண்டியவர்கள், அதாவது வெட்டவெளியில் குலைவெட்டும் தொழிலாளியும், ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் தாயும், மாணவர்களைத் திடலில் விளையாட விடலாமா என்று யோசிக்கும் தலைமையாசிரியரும், அவ்வெண்ணை அறிய வழியில்லாமலிருந்தனர். கண்ணுக்குத் தெரியும் புகையின் அடர்த்தியை வைத்து நுண்துகள்களின் அளவைத் துல்லியமாகக் கணிக்க இயலாது. அதற்காகத்தான் கருவியே வேண்டியிருக்கிறது.

2005 ஆகஸ்ட் மாதம் புகை மீண்டும் சூழ்ந்தது. பொதுமக்களும் எதிர்க்கட்சியினரும் ஊடகங்களும் எண்களைக் கேட்டு நெருக்கியதன் பின்னர் அரசு குறியீட்டைப் பகிரங்கப்படுத்தத் தொடங்கியது. ஆகஸ்ட் 11ஆம் தேதி கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் குறியீடு 500ஐத் தாண்டிவிட்டதால் அவ்விரு இடங்களிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இரு நாள்களில் காற்று சற்றுத் தெளிந்ததும் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. அன்று தொடங்கிய வெளிப்படைத்தன்மை பின்னர் விலக்கப்படவில்லை. 2018முதல் இன்னும் நுண்ணிய துகள்களும் குறியீட்டில் கணக்கிடப்படுகின்றன. எண்ணை வெளியிட்டதால் நாடு சீரழிந்துவிடவில்லை. மறைத்திருந்த ஆண்டுகளில் மூச்சுத்திணறியவர்களுக்குத்தான் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

ஒரு வைரஸும் ஒரு மாற்றுக்கருத்தும்

அதிகாரபூர்வக் கருத்துக்கு மாறாக யோசிக்க ஒருவருக்கு இடமிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மலேசியாவிலேயே சான்றுண்டு. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முடிவுசெய்யப்பட்டது. அது கொசுவால் பரவும் நோயாகையால் புகையடிப்பும் தடுப்பூசியும் முடுக்கிவிடப்பட்டன, சாவுகளோ நிற்கவில்லை. கொசுக்கடி எவரையும் விட்டுவைக்காதபோது பண்ணையில் வேலை செய்த வயதுவந்த ஆண்களே ஏன் பெரும்பாலும் நோயுறுகின்றனர், தடுப்பூசி போட்டவர்களும் ஏன் சாகின்றனர் என்ற வினாக்களுக்கு அம்முடிவில் விடையில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மருத்துவர் சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து முன்பின் அறியப்படாத வைரஸைப் பிரித்தெடுத்து, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தாமே எடுத்துச்சென்று உறுதிசெய்தார். நோய் கொசுவால் அன்றிப் பன்றிகளிடமிருந்து நேரடியாகத் தொற்றுகிறது என்பது தெளிவானதும் ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டு, பரவல் அடங்கியது. நெகிரி செம்பிலானிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா என்றழைக்கப்படும் அந்நோயால் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். முதல் முடிவை எடுத்தவர்கள் திறமையற்றவர்களல்லர். தவறு எந்த அறிவியலிலும் நேரும். அத்தவறைத் திருத்தியது, அமைச்சகத்தின் படிநிலைக்கு வெளியே, தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய ஓர் ஆய்வுக்கூடம் இருந்தமைதான்.

உலுசிலாங்கூரும் நான்கு மாணவர்களும்

கேள்வி கேட்கும் பழக்கம் பேராசிரியரான பிறகு திடீரென்று வந்துவிடாது. மாணவப் பருவத்திலேயே அது பழக வேண்டும். அறுபதுகளின் இறுதியில் மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் நாட்டு விவகாரங்களில் தயக்கமின்றித் தலையிட்டனர். 1969 கலவரத்துக்குப் பின் 1971இல் இயற்றப்பட்ட பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் அதற்கு எல்லை வகுத்தது. 1974 டிசம்பரில், ரப்பர் விலை வீழ்ச்சியால் கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பட்டினிக்கு ஆளான செய்தி பரவியபோது மாணவர்கள் பெருந்திரளாகக் கோலாலம்பூரில் ஆர்ப்பாட்டம் நடத்தினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். கிராமப்புற வறுமையை ஆராய்ந்துவந்த மலாயாப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் சைட் ஹுசின் அலி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1974 முதல் 1980 வரை விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார். 1975இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, மாணவர்கள் அரசியல் கட்சிகளில் சேர்வது மட்டுமின்றி, ஒரு கட்சிக்கு ஆதரவாகவோ எதிராகவோ கருத்து வெளியிட்டதாகப் பொருள்படக்கூடிய எதையும் செய்வதே குற்றமாயிற்று.

செம்பனைத் தோட்டங்களும் சிறு நகரங்களும் கலந்த உலுசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் 2010 ஏப்ரல் 25ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) பி. கமலநாதன் முன்னாள் அமைச்சர் சைட் இப்ராகிமை 1,725 வாக்கு வேறுபாட்டில் வென்ற அத்தேர்தலின் பிரசாரக் களத்தில், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயிலும் மாணவர் நால்வர் காவல்துறையினரால் பிடிக்கப்பட்டனர். பல்கலைக்கழகம் அவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. அரசியலைப் பாடமாகப் படிப்பவர்கள் அரசியல் நடக்கும் இடத்தில் இருந்ததே குற்றமாகக் கருதப்பட்டது என்பது, சட்டம் எவ்வளவு தொலைவு வழிதவறியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

அம்மாணவர்கள் நீதிமன்றத்தை நாடினர். உயர்நீதிமன்றத்தில் தோற்றபோதிலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபர் 31ஆம் தேதி, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அந்தச் சட்டப்பிரிவு கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு உறுதிசெய்யும் பேச்சுரிமையை மீறுவதால் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சீர்திருத்தக்காரர்களும் சிந்தனையாளர்களும் உருவாகும் இடமே பல்கலைக்கழகம். மாணவர்களை இயந்திர மனிதர்களாகப் பயிற்றும் நிறுவனமாக அது இருத்தலாகாது என்ற கருத்தை நீதிபதி ஹிஷாமுதீன் முகமது யூனுஸ் தம் தீர்ப்பில் முன்வைத்தார். அதைத் தொடர்ந்து 2012இல் மாணவர்கள் அரசியல் கட்சிகளில் சேர அனுமதிக்கப்பட்டனர்; வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைகளுக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2018 டிசம்பரில் நிறைவேற்றியது. சட்டத்தை எதிர்த்து வழக்காட நீதிமன்றமும், அத்தீர்ப்பைச் சட்டமாக்க நாடாளுமன்றமும், ஆட்சியை மாற்றத் தேர்தலும் இருந்ததால்தான் இம்மாற்றம் வந்தது. கல்விச் சுதந்திரத்தைப் பல்கலைக்கழகம் தன்னந்தனியாகக் காத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆசிரியர்களின் நிலை இன்னும் சிக்கலானது. பொதுப் பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர்கள் 2000ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். 2014இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை இணைப்பேராசிரியர் அஸ்மி ஷாரோம், பேராக் மாநிலத்தின் 2009ஆம் ஆண்டு அரசியல் நெருக்கடி பற்றித் தம் துறைக்குட்பட்ட கருத்தைச் செய்தியாளரிடம் தெரிவித்ததற்காகத் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டார். குற்றச்சாட்டு 2016இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால் இத்தகைய வழக்கின் தாக்கம் வழக்கோடு முடிவதில்லை. அதைப் பார்த்த மற்ற ஆசிரியர்கள் எந்தத் தலைப்பைத் தொடாமலிருப்பது நல்லது என்று தமக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொள்கின்றனர். எழுதப்படாத ஆய்வுக்குக் கணக்கு வைப்பார் எவருமில்லை.

மறுப்புகளும் அவற்றின் எல்லையும்

மக்களாட்சி இல்லாத சோவியத் ஒன்றியம்தானே 1957இல் முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது என்று கேட்கலாம். அரசு விரும்பிய கேள்விக்குப் பணமும் ஆளும் கொட்டி விடை காண்பதில் அத்தகைய ஆட்சிகள் தேர்ந்தவையே. ஆனால் அதே நாட்டில் லிசென்கோ என்பவரின் வேளாண் கொள்கைகளை ஆட்சியாளர் ஏற்றுக்கொண்டதால் மரபியல் துறையே 1948இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே, உலகெங்கும் அலைந்து பயிர்விதைகளைத் திரட்டியவரும் லிசென்கோவை எதிர்த்தவருமான மரபியலாளர் நிக்கொலாய் வவிலோவ் 1943இல் சாரத்தோவ் சிறையில் மாண்டார். ராக்கெட் தவறினால் அது வெடித்து எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். பயிர்க்கொள்கை தவறினால் அதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மக்களாட்சி நாடுகளும் குற்றமற்றவையல்ல. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் அது எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத்துறையே. அந்தக் கொடுமையை முடிவுக்குக் கொண்டுவந்தவை, உள்ளிருந்து உண்மையைச் சொன்ன ஊழியரும் அதை அச்சிட்ட செய்தித்தாள்களும் ஆகும். மக்களாட்சி தவறே செய்யாது என்பது வாதமன்று. செய்த தவறு வெளிப்படுவதற்கான வழிகள் அங்கே முற்றிலும் அடைபடுவதில்லை என்பதே வாதம். அரசின் தலையீட்டைப் போலவே, ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தின் தலையீடும் கல்விச் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்பதையும் தோட்டத்தொழிலைச் சார்ந்த ஒரு நாடு மறக்கக் கூடாது.

தோட்டப்புறம் செய்யக்கூடியது

பேச்சுரிமை படித்தவர்களின் கவலை என்று ஒதுக்குவோர், சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளர்களின் சொந்த வரலாற்றை மறந்தவர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்து முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பேசவும் கூடவும் உரிமை, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவை இருந்தன. இயக்கத்தை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கல்வியும் பேச்சுரிமையும் ஒரே பட்டியலில் இடம்பெற வேண்டியவை என்பதை, பள்ளிப்படிப்பே அரிதாயிருந்த அத்தலைமுறை உணர்ந்திருந்தது.

இன்று அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். அவர்களைப் படித்து முடித்துவிட்டு வம்புதும்பில்லாமல் வேலைக்குப் போகும்படி அறிவுறுத்தும் பெற்றோரின் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் தோட்டத்து மண்ணிலும் நீரிலும் காற்றிலும் கலந்திருப்பவை எவை, செம்பனைக்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் என்னவாயின, மருந்தடித்த பெண்களின் முதுமை எப்படியிருக்கிறது என்பன போன்ற, எவருக்கும் இலாபம் தராத கேள்விகளை அப்பிள்ளைகள் எழுப்பாவிட்டால் வேறு எவர் எழுப்புவார் என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்கான கருவி ஒன்று சிலாங்கூர் மக்களின் கையிலேயே இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாகத் தகவல் பெறும் உரிமைக்கான சட்டத்தைச் சிலாங்கூர் மாநிலச் சட்டமன்றம் 2011இல் இயற்றியது. மாநில அரசுத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் உள்ள ஆவணங்களைப் பொதுமக்கள் எழுத்துமூலம் கேட்டுப்பெற அச்சட்டம் வழிசெய்கிறது. மறுத்தால் முறையிடவும் வழியுண்டு. மாநிலத்துக்குட்பட்ட அலுவலகங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றாலும், நிலம், நீர், குப்பை, ஊர்த்திட்டம் ஆகியவை பெரும்பாலும் அவ்வலுவலகங்களின் பொறுப்பிலேயே இருக்கின்றன. கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர் வட்டாரங்களின் குடியிருப்பாளர் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அச்சட்டத்தைப் பயன்படுத்தி விண்ணப்பங்களை அனுப்ப வேண்டும். கிடைக்கும் தகவலைத் துறை அறிந்த ஆய்வாளர்களிடம் கொண்டுசென்று விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் தரும் ஆய்வாளருக்கு நெருக்கடி வந்தால் அவருக்குத் துணைநிற்க வேண்டும். பயன்படுத்தப்படாத உரிமை ஏட்டில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.